பன்னிரண்டாவது ஜேர்சி யாருக்கு?

எங்கள் கூடைப்பந்தாட்ட அணியின் பெயர்ப்பட்டியலில் பதினொரு இடங்கள் நிரம்பிவிட்டன. மிஞ்சியிருப்பது ஒன்று, அதற்கு நிற்பவர்கள் நான்கு பேர். நால்வரும் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறார்கள், நால்வரும் பந்தயப் பணத்தைக் கேட்காமலே கட்டிவிடுகிறார்கள், நால்வரையும் எல்லோருக்கும் பிடிக்கும். ஆகவே குணத்தைக் காரணம் காட்டி யாரையும் கழித்துவிட முடியாது. ஆட்டத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெள்ளவத்தைத் தம்பி தூரத்திலிருந்து எறிவார். பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும் விதத்தைப் பார்த்தாலே உள்ளே போகப்போகிறது என்று தெரிந்துவிடும். அதைத் தவிர அவருக்கு எதுவும் வராது. கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர் ஆறடி நான்கு அங்குலம். கூடைக்கு முன்னால் நின்று எதிரணியின் எறிதல்களைத் தட்டிவிடுவார். பந்து அவர் கைக்கு வந்தாலோ, சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். தெமட்டகொடைக்காரர் எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரை ஒட்டிக்கொண்டே ஓடுவார். அவர் எறிந்து கூடை விழுந்தால் எங்கள் அணியினரே சிரிப்பார்கள். வத்தளைக்காரர் ரீபவுண்ட் எடுப்பார், அதாவது கூடைக்குள் போகாமல் துள்ளித் திரும்பும் பந்தைப் பிடிப்பார். அவ்வளவுதான்.

ஐந்தாவதாக ஒருவரையும் அணித்தலைவர் மனத்தில் வைத்திருக்கிறார்: எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிற ஒருவர். அவரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எங்கள் பதினொரு பேரும் ஏற்கெனவே அப்படிப்பட்டவர்கள்தான். பன்னிரண்டாவதாகவும் அதே ஆளைச் சேர்ப்பதில் என்ன பயன்?

ஒற்றைத் திறமைக்காரர்களை எடைபோட, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. அங்கே ஒரு திறமையை மட்டும் வைத்துப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஒரு திறமையோடு முக்கியமான தொடரில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு கூட்டத்தாரையும் பிரிப்பது திறமையின் அளவு அல்ல என்பதுதான் என் கட்சி. அவரிடம் இல்லாதவற்றை எதிரணி எவ்வளவு சுலபமாகத் தனக்கு லாபமாக்கிக்கொள்ள முடிகிறது என்பதே பிரிக்கிறது. ஆகவே நால்வரையும் பார்க்கும்போது, அவர் என்ன செய்வார் என்பதோடு நான் நிறுத்தவில்லை. எதிரணிப் பயிற்றுநரின் இடத்தில் உட்கார்ந்து, இவரை வைத்து இந்த அணியை எப்படி வதைக்கலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

ஓர் எச்சரிக்கை. என்.பி.ஏ.யில் 'ஒன்றுமட்டும் தெரிந்தவர்' என்று சொல்வது அங்குள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான். பிரையன் ஸ்கலபிரீன் என்ற பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3.1 புள்ளிகளோடு ஓய்வுபெற்றவர். ரசிகர்கள் அன்போடு கேலி செய்யும் பெயர் அது. 2013இல் பாஸ்டனில் நான்கு உள்ளூர் ஆட்டக்காரர்கள் அவரைத் தனித்தனியாக எதிர்த்து ஆடினார்கள். மொத்தக் கணக்கு: அவருக்கு 44, அவர்கள் நால்வருக்கும் சேர்த்து 6. கொழும்பில் யாரையும் கைல் கோர்வர், ரொட்மன் போன்ற என்.பி.ஏ. வீரர் என்று நான் சொல்லவரவில்லை. திறமை வேலை செய்யும் முறை இரு இடத்திலும் ஒன்றுதான், அதை மட்டும் கடன்வாங்கலாம்.

முதலில் எறிபவர். இன்றைய கூடைப்பந்தாட்டத்தில் மிகவும் மரியாதைக்குரிய ஒற்றைத் திறமை இதுதான், அணித்தலைவரின் விருப்பமும் இதுதான். கைல் கோர்வரை 2003ஆம் ஆண்டு வீரர் தெரிவில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) 51ஆவதாக எடுத்த நியூ ஜேர்ஸி நெட்ஸ் அணி, உடனேயே அவரைப் பிலடெல்பியாவுக்குப் பணத்துக்கு விற்றுவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஃபோட்டோகொப்பி இயந்திரம் வாங்கப் போனது என்பதைக் கோர்வரே சிரித்தபடி சொல்லுவார். அந்த மனிதர் பின்னர் 127 ஆட்டங்களில் தொடர்ச்சியாகக் குறைந்தது ஒரு மூன்று புள்ளிக் கூடையாவது போட்டார். ஸ்டீபன் கறி வந்து முறியடிக்கும்வரை அதுவே சாதனை. 2014–15 பருவத்தில் அவர் இருந்த அட்லான்டா ஹோக்ஸ் 60 ஆட்டங்களை வென்றது. அந்த ஜனவரி மாதம் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காததால், மாதத்தின் சிறந்த வீரர் விருதைத் தொடக்க வீரர்கள் ஐவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் கோர்வரின் சராசரி 12 புள்ளிகள்தான். ஆனாலும் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு அவரைச் சேர்த்தார்கள்.

பன்னிரண்டு புள்ளிக்காரருக்கு ஏன் அந்த மரியாதை? அவர் பந்தைத் தொடாதபோதும் வேலை செய்கிறார் என்பதால். அவரைக் காவல் காப்பவர் ஓர் அடிகூட விலக முடியாது; உதவிக்கு உள்ளே ஓட முடியாது. மற்ற நால்வரும் நான்கு பேரைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். எறிபவரின் உண்மையான பங்களிப்பு இந்த வெற்றிடம்.

ஆனால் இந்த வெற்றிடத்தைப் பயன்படுத்த வேறொருவர் வேண்டும். 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 86–86 என்று சமநிலை, சில விநாடிகளே பாக்கி. யூட்டா அணியின் ஜோன் ஸ்டொக்டன், ஸ்டீவ் கெரை விட்டுவிட்டு மைக்கேல் ஜோர்டனைத் தடுக்க ஓடினார். ஜோர்டன் பந்தைக் கெரிடம் கொடுத்தார், கெர் எறிந்தார், சிக்காகோ கிண்ணத்தை வென்றது. கெரின் கை எவ்வளவு நிதானமானது என்பதற்கு எல்லோரும் இதைச் சொல்வார்கள். மூன்று புள்ளி எறிதலில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே உயர்ந்த வெற்றிவீதம், 45.4 சதவீதம், அவருடையது என்பதால் நிதானத்தில் சந்தேகமில்லை. எனக்கு அந்தக் காட்சியில் தெரிவது வேறு: இரண்டு பேரைத் தன்பக்கம் இழுக்கும் ஒரு ஜோர்டன் இல்லாவிட்டால் அந்தக் கைக்குப் பந்தே வந்திராது.

பந்து வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்டீவ் நோவாக் உதாரணம். 2011–12 பருவத்தில் நியூயோர்க் நிக்ஸ் அணிக்காக ஆடி, 47.2 சதவீதத்தோடு மூன்று புள்ளி எறிதலில் லீக்கிலேயே முதலாவதாக வந்தார். அதே ஆண்டு, கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றில் மயாமி ஹீட் அணியினர் அவரைவிட்டு அகலவே இல்லை. அவருக்கு எறியும் வாய்ப்பே அரிதாகிப்போனது. டங்கன் ரொபின்சனுக்கு நேர்ந்தது இன்னொரு விதம். 2021இல் மயாமியோடு ஐந்து ஆண்டுகளுக்கு 90 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு பிளேஓஃப் வந்தபோது, எதிரணிகள் அவர் காவல் காக்கும் பக்கமாகவே தாக்கியதால், பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். 2023இல் திரும்பி வந்து நன்றாக ஆடினார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இதை எங்கள் மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன். வெள்ளவத்தைத் தம்பியை மறைக்க மயாமி ஹீட் தேவையில்லை. நீண்ட கையுள்ள ஒருவர் போதும். அவரை விடுவிப்பதற்கு, காவலரின் வழியை மறித்துத் திரைபோட்டு நிற்க எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. பந்தைக் கொண்டுசெல்பவரோ (பெயர் வேண்டாம், இதை அவரும் வாசிப்பார்) பந்தை விட்டுப் பிரிய மனமில்லாதவர். தவிர, நாங்கள் ஆடுவது பெரும்பாலும் கூரையில்லாத சீமெந்துத் தளத்தில். மாலையில் கடற்காற்று காலி வீதியைத் தாண்டி வந்து, மூன்று புள்ளிக்கான 6.75 மீற்றர் எறிதலோடு விளையாடும். உப்புக்காற்றில் துருவேறிய வளையம் ஒன்று இறுக்கமாக இருக்கும், மற்றது ஆடிக்கொண்டிருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. ஈரப்பந்தைத் தூரத்திலிருந்து எறிவது எவ்வளவு பெரிய கைக்கும் சூதாட்டம்தான். "அண்ணா, மழை பெய்தால் அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லலாமா?" என்று தெமட்டகொடைக்காரர் கேட்டார். நகைச்சுவையாகத்தான் கேட்டார், ஆனால் நியாயமான கேள்வி.

விதியிலும் ஒரு சங்கதி இருக்கிறது, தொலைக்காட்சியில் என்.பி.ஏ. மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 2001–02 பருவத்திலிருந்து அங்கே தடுப்பவர், யாரையும் நெருங்கிக் காவல் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நாங்கள் பின்பற்றும் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம்) விதியில் அந்தத் தடையே இல்லை. எறிபவர் வெளியே இழுத்துக்கொண்டு போவது தன்னைக் காவல் காப்பவரை மட்டும்தான். எதிரணியின் உயரமானவர் கூடைக்கு அடியில் நாள்முழுக்க நிற்கலாம். எறிபவர் அங்கே உண்டாக்கும் வெற்றிடத்தில் பாதிகூட இங்கே கிடைக்காது.

எதிரணியின் உயரமானவருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை எங்கள் கொட்டாஞ்சேனைக்காரருக்கும் உண்டு. அதனால்தான் இரண்டாவது தெரிவை நான் முதலில் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் யோசித்தேன்.

கூடைக்காவலர்களில் மார்க் ஈட்டனின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஏழடி நான்கு அங்குலமுள்ள அவர் கலிபோர்னியாவில் கார் திருத்தும் வேலை செய்துகொண்டிருந்தார். பின்னர் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒருநாள் என்.பி.ஏ. ஜாம்பவான் வில்ட் சேம்பர்லின் அவரிடம், சின்ன ஆட்களைத் துரத்தி ஓடுவது உன் வேலையல்ல, கூடையைக் காப்பதுதான் உன் வேலை என்ற பொருளில் புத்தி சொன்னாராம். ஈட்டன் அதற்குமேல் எதையும் கற்கவில்லை என்றே சொல்லலாம். 1984–85 பருவத்தில் யூட்டா ஜாஸ் அணிக்காக 456 எறிதல்களைத் தட்டிவிட்டார். ஒரு பருவத்துக்கான அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. சூடானிலிருந்து வந்த மனூட் போல் ஏழடி ஏழு அங்குலம். வாழ்நாள் கணக்கில் தட்டிவிட்டவை 2,086. எடுத்த புள்ளிகள் 1,599. புள்ளிகளைவிடத் தட்டல்கள் கூடுதலாக உள்ள நீண்டகால வீரர் அவர் ஒருவரே. கோல்டன் ஸ்டேட் அணியில் பயிற்றுநர் டொன் நெல்சன் அவரை மூன்று புள்ளி எறியவும் விட்டார்: 1988–89இல் 91 முறை எறிந்து 20 விழுந்தன. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். எதிரணிக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

சர்வதேச விதி இத்தகையவருக்கு இன்னொரு கதவையும் திறந்துவைக்கிறது. பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தாலும் தட்டிவிடலாம். என்.பி.ஏ.யில் அது குற்றம். கொட்டாஞ்சேனைக்காரர் எட்டிக் குதித்தால் கை வளையத்துக்கு மேலே போகும். இதுவரை அதை அவர் பயன்படுத்தியதில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு ஏன் தயக்கம்? இரண்டு காரணங்கள். என்.பி.ஏ.யில் ஆறாவது தவறோடு (ஃபவுல்) வெளியேற்றம், எங்களுக்கு ஐந்தாவதோடு. தட்டிவிடுவதையே தொழிலாகக் கொண்டவர் ஏமாற்று அசைவுக்கெல்லாம் குதிப்பார். எங்கள் ஆள் எல்லாவற்றுக்கும் குதிக்கிறார். இரண்டாவது, ஈட்டனும் மனூட் போலும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். ஆறடி நான்கு அங்குலம் எங்கள் பயிற்சிக்களத்தில்தான் உயரம். நிறுவன அணிகளுக்கிடையிலான போட்டிகளில் அதே உயரத்தில், அதைவிட நன்றாக ஓடுகிற இரண்டு பேரையாவது எதிரில் பார்க்கலாம். உயரத்தையே திறமையாகக் கொண்டவருக்கு, தன்னைவிட உயரமானவர் வந்துவிட்டால் கையில் ஒன்றும் இல்லை.

தெமட்டகொடைக்காரரைப் பற்றி எழுதும்போது எனக்கு மனச்சாய்வு உண்டு. அவருடைய உழைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவரைப் போன்றவர்களை எதிரணிகள் எப்படித் தண்டித்திருக்கின்றன என்ற பதிவுதான் நால்வரிலும் மோசமானது. 2015 பிளேஓஃப் தொடர் ஒன்றில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸை 2–1 என்று முந்திக்கொண்டிருந்தது. மெம்பிஸின் டோனி அலனுடைய தடுப்பாட்டத்தை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான்காவது ஆட்டத்தில் வொரியர்ஸ் தங்கள் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்) அன்ட்ரூ போகட்டை அலனுக்குக் காவலாகப் போட்டது. காவல் என்பது பேச்சுக்குத்தான். போகட் அலனைத் திரும்பியும் பார்க்காமல் கூடைக்கு அடியிலேயே நின்றார். 'எறிவதானால் எறிந்துகொள்' என்பதுதான் அதன் பொருள். அலன் எறிந்தவை விழவில்லை. அவரை வெளியே எடுக்கவேண்டி வந்தது, காயமும் சேர்ந்துகொண்டது. வொரியர்ஸ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று தொடரைக் கைப்பற்றியது. அந்த அணியின் பயிற்றுநர், மேலே சொன்ன அதே ஸ்டீவ் கெர். ஒற்றைத் திறமையால் ஐந்து கிண்ணங்களை வென்றவருக்கு, இன்னொரு ஒற்றைத் திறமைக்காரரை எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரிந்திருந்தது.

அன்ட்ரே ரொபர்சன் பட்டபாடு இன்னும் கொடுமை. 2017 பிளேஓஃப் முதல் சுற்றில் ஒக்லஹோமா சிட்டிக்காக ஆடிய அவரை ஹூஸ்டன் அணி வேண்டுமென்றே பிடித்துத் தவறு செய்து, தவறுக்கு ஈடாகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவின் கோட்டுக்கு அனுப்பியது. தொடர் முழுவதும் 21 ஃப்ரீ த்ரோக்களில் மூன்றுதான் விழுந்தன. தடுப்பாட்டத்தில் அவர் லீக்கின் முன்னணி வரிசையில் இருந்தவர் என்பதை அந்தத் தொடரைப் பார்த்த யாரும் நம்பமாட்டார்கள்.

தப்பித்தவர் புரூஸ் போவன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் இந்தத் தடுப்பாட்டக்காரர் 2003, 2005, 2007 ஆகிய மூன்று கிண்ணங்களிலும் இருந்தார். அவர் செய்தது ஒன்றே ஒன்று: மைதானத்தின் மூலையில் நின்று மூன்று புள்ளி எறியக் கற்றுக்கொண்டார். அந்த ஒரு மூலையில் மட்டும். 2002–03இல் மூன்று புள்ளி எறிதலில் 44.1 சதவீதத்தோடு லீக்கிலேயே முதலிடம். அதே பருவத்தில், யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவில் 40.4 சதவீதம்! இதை முதலில் வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். தெமட்டகொடைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அந்த மூலையை அவர் கற்றுக்கொள்ளும் நாளில் இந்தக் கட்டுரையின் முடிவு மாறக்கூடும். இப்போதைக்கு அவர் மூலையில் நின்றால் எதிரணிக்கு ஓர் ஆள் மிச்சம். இன்னொன்று, ஒருவரைக் கட்டிப்போடும் வீரருக்குப் பெறுமதி இருப்பது எதிரணியில் கட்டிப்போட வேண்டிய ஒருவர் இருந்தால்தான். எங்கள் பிரிவில் பாதி அணிகளில் அப்படி யாரும் இல்லை.

நடுவில் ஒரு கிளைப்பேச்சு. ஒற்றைத் திறமையை நாம் குறையாகப் பேசுவது கூடைப்பந்தாட்டத்தில்தான். எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்த முரளிதரனிடம், நீங்கள் ஏன் பதினோராவதாகத் துடுப்பெடுத்தாடுகிறீர்கள் என்று இந்த நாட்டில் யாரும் குறைப்படவில்லை. அவரது குறையைக் கடைசி வரிசையில் மறைத்துவைக்கக் கிரிக்கெட் இடம்கொடுக்கிறது. வலைப்பந்தாட்டம் ஒரு படி மேலே போகிறது. அங்கே கோல் போட இரண்டு பேருக்குத்தான் உரிமை. யார் எந்த எல்லைக்குள் ஓடலாம் என்பது உடுப்பிலேயே எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், ஏறத்தாழ ஆறடி பத்து அங்குல உயரத்தோடு, வளையத்துக்கு அடியில் பந்தை வாங்கிப் போடுவதை உலகமே பார்த்து வியந்தது. 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் ஏன் மைதானத்தின் மறுபக்கம் ஓடித் தடுக்கவில்லை என்று யாரும் கேட்க முடியாது, விதியே விடாது. கூடைப்பந்தாட்டத்தில் அந்தத் தயவு இல்லை. ஐந்து பேரும் இரண்டு பக்கமும் ஓடவேண்டும், ஐந்து பேரையும் எதிரணி தேர்ந்தெடுத்துத் தாக்கலாம். மறைவிடம் கிடையாது.

மறைவிடமே தேவைப்படாத ஒற்றைத் திறமை ஒன்று இருந்தால் அது ரீபவுண்ட் என்பது என் துணிபு.

டெனிஸ் ரொட்மனின் தலைமுடி நிறங்களையும் உடைகளையும் விட்டுவிடுவோம். அவற்றை எழுதித் தீர்த்தாகிவிட்டது. ஆறடி ஏழு அங்குலம்தான் உயரம். ஏழடிக்காரர்கள் நடுவே நின்று 1991–92 முதல் 1997–98 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தார். அந்த ஏழில் முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 18.7. புள்ளியில் வாழ்நாள் சராசரி 7.3. கிண்ணங்கள் ஐந்து: டெட்ரொய்ட் அணிக்கு இரண்டு, சிக்காகோ அணிக்கு மூன்று. அவர் தடுப்பாட்டத்திலும் வல்லவர், இரண்டு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். ஆகவே முழுமையான ஒற்றைத் திறமைக்காரர் அல்லர் என்று நீங்கள் வாதாடலாம். சரிதான். அப்படியானால் ரெஜி எவன்ஸை எடுத்துக்கொள்வோம். எந்த அணியும் தெரிவில் எடுக்காத அவர், 2012–13இல் புரூக்ளின் நெட்ஸ் அணிக்காக ஆட்டத்துக்குப் பதினொரு ரீபவுண்டுக்கு மேல் எடுத்தார். புள்ளிகள் ஐந்துகூட இல்லை. அதற்காகவே அவரைத் தொடக்க ஐவரில் நிறுத்தினார்கள்.

ரொட்மன் எப்படி எடுத்தார் என்பதில் எங்களுக்குப் பாடம் இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் மற்றவர்கள் எறிந்து பழகும்போது அவர் தள்ளி நின்று, யாருடைய பந்து எப்படிச் சுழல்கிறது, தவறினால் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே அது விழப்போகும் இடத்துக்கு நகரத் தொடங்கிவிடுவார். உயரம் பிறப்பில் வருவது; இது பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது. வத்தளைக்காரரிடம் இந்தக் குணம் இருக்கிறது. பயிற்சியில் யார் எறிந்தாலும் அவர் வளையத்தைப் பார்ப்பதில்லை, எறிபவரின் கையைத்தான் பார்க்கிறார். துருப்பிடித்த இறுக்கமான வளையத்தில் பந்து நீளமாகத் துள்ளும் என்பதால் அந்தப் பக்கத்தில் ஓர் அடி பின்தள்ளி நிற்கிறார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தத் திறமைக்கு யாரும் பந்து கொடுக்க வேண்டியதில்லை. திரை போட வேண்டியதில்லை, ஜோர்டன் தேவையில்லை, பந்தைப் பிரிய மனமில்லாத எங்கள் நண்பரும் தடையில்லை. சொல்லப்போனால் அவர் தவறவிடும் எறிதல்கள்தான் வத்தளைக்காரருக்கு வருமானம். காற்றும் மழையும் எறிபவரைக் கெடுக்கின்றன. தவறும் எறிதல் கூடினால் ரீபவுண்டும் கூடும். என்.பி.ஏ.யிலேயே எறிதல்களில் பாதிக்கு மேல் தவறுகின்றன. எங்கள் தளங்களில் நிலைமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கே எறிதல் மோசமோ அங்கே ரீபவுண்ட் எடுப்பவரின் விலை ஏறுகிறது. தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தை வைத்து எறிபவருக்கு விலை போடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

எதிரணிப் பயிற்றுநரின் நாற்காலியில் மறுபடி உட்கார்கிறேன். இவரை எப்படித் தண்டிப்பது? அலனுக்குச் செய்ததுபோல் காவல் இல்லாமல் விட்டால், அவர் தடையின்றிக் கூடைக்கு அடியில் ஓடிவந்து பந்தை எடுப்பார். அதாவது, அலட்சியம் செய்வதுதான் அவருக்குச் செய்யக்கூடிய பேருதவி. மிஞ்சியிருப்பது ஃப்ரீ த்ரோ. அதையும் ரொட்மனிடம் முயன்று பார்த்தார்கள். 1997 டிசம்பர் 29 அன்று, டலஸ் அணியின் பயிற்றுநராக இருந்த அதே டொன் நெல்சன், பபா வெல்ஸ் என்ற புது வீரரை ரொட்மனைப் பிடித்துத் தவறு செய்வதற்கென்றே களமிறக்கினார். வெல்ஸ் மூன்று நிமிடத்துக்குள் ஆறு தவறுகளும் முடிந்து வெளியேறினார், என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே மிக விரைவான வெளியேற்றம். ரொட்மன் 12 ஃப்ரீ த்ரோவில் 9ஐப் போட்டார், சிக்காகோ வென்றது. வாழ்நாள் கணக்கில் 60 சதவீதத்தைக்கூட எட்டாத கை, அன்று வேலை செய்தது. எங்கள் விதியில், பந்தை எடுக்க முயலாமல் ஆளை மட்டும் பிடித்தால் நடுவர் அதை விளையாட்டுணர்வற்ற தவறு என்று அறிவிக்கலாம். பந்தும் எங்களுக்கே திரும்பக் கிடைக்கும். ஆகவே அந்த வழியும் எதிரணிக்கு மலிவாக இருக்காது.

வத்தளைக்காரரிடம் குறை இல்லாமலில்லை. ரீபவுண்ட் எடுத்தவுடன் பந்தைத் தரையில் தட்டுவார், அங்கே குட்டையான ஒருவர் பறித்துவிடுவார். ரீபவுண்டில் பசி அதிகமானவர்களுக்கு உள்ள வியாதியும் உண்டு: தன் ஆளைத் தடுப்பதைவிட்டு முன்கூட்டியே கூடைக்கு அடியில் போய் நிற்பது. ரொட்மன்மேலும் கடைசி ஆண்டுகளில் இந்தக் குற்றச்சாட்டு இருந்தது. ஆனால் இவை இரண்டும் திருத்தக்கூடியவை. பந்தைத் தாடைக்குக் கீழே இரு கையாலும் பிடித்து முழங்கையை விரித்து நிற்பதைச் சில வாரத்தில் பழக்கிவிடலாம். தூர எறிதலையோ நான்கு அங்குல உயரத்தையோ சில வாரத்தில் யாருக்கும் கொடுக்க முடியாது.

எல்லா அணிகளுக்கும் இதே விடை பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் போட்டிகள் சுகததாச உள்ளக அரங்கு போன்ற கூரையுள்ள இடத்தில் நடந்து, பந்தை மனம்வந்து கொடுக்கும் ஒருவரும் உங்களிடம் இருந்தால் எறிபவரை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எதிரணிகளில் தேசிய அணி அளவிலான ஒரே ஒரு நட்சத்திரமும், உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே நான்கு நல்ல எறிதல்காரர்களும் இருந்தால் தெமட்டகொடைக்காரரை எனக்குச் சொல்லாமலே அழைத்துச் செல்லலாம். பாடசாலை அணியென்றால், இன்னும் வளர்கிற வயது என்பதால், உயரமான பையனுக்கு இடம் கொடுத்து வளையத்துக்கு மேல் தட்டிவிடும் அந்த விதியைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு ஆண்டில் பலன் தெரியும். பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள், வேலை முடிந்து நெரிசலில் நசுங்கி வந்து, வெளித்தளத்தில் ஆடுகிற எங்களைப் போன்ற அணிக்குத்தான் நான் சொல்கிறேன்: வத்தளைக்காரர்.

அணித்தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. தம்பி ஒரு நாளில் ஐந்து மூன்று புள்ளி போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். போடுவார், அதை நான் மறுக்கவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களில் என்ன நடக்கும் என்று நான் திருப்பிக் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. பெயர்ப்பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். அதற்குள் வத்தளைக்காரர் தினமும் பயிற்சி முடிந்து ஐம்பது ஃப்ரீ த்ரோ எறியச் சம்மதித்திருக்கிறார். பந்தை எடுத்துக் கொடுக்க வெள்ளவத்தைத் தம்பியே முன்வந்திருக்கிறார். எறிய வேண்டியவர் அவர் இல்லை என்பதால் எத்தனை விழுகின்றன என்ற கணக்கையும் அவரே வைத்துக்கொள்கிறார்.